கரையே இல்லாத கடலில் மீனை எங்கே விற்பார்கள்?

ஜூன் 9, இரவு

சங்கரன்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது: "அண்ணாச்சி, நான் எழுதும் கதைக்காக முழுக்க முழுக்கக் கடலாகவே ஒரு கோளை உருவாக்கியிருக்கிறேன். ஓரடி நிலம்கூடக் கிடையாது. மேல்நீரார், நடுநீரார், அடிநீரார் என்று மூன்று இனம். ஆளுக்கொரு கொடி, அரச பரம்பரை, நாற்பது பக்கத்துக்குச் சொல்லகராதி எல்லாம் தயார். வாசித்த நண்பர்களோ, நம்ம ஊர் ஆட்களைக் கிணற்றில் இறக்கி விட்ட மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே தப்பு?"

தம்பி, கொடியில் தப்பில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். என் கோளுக்குப் பெயர் பெருநீர். கருப்பட்டிக் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், ஒரு டப்பா நீலப் பென்சிலைத் தீர்த்து வரைந்த படம். அதைத் தூக்கிக்கொண்டு உவரிக்குத் தெற்கே இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போகிறவர். வள்ளத்து நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை தலைகீழாகவும் பார்த்தார்.

"கர எங்கடே?"

"கரையே கிடையாது மாமா. எல்லாம் கடல்தான்."

"அப்போ புடிச்ச மீன எங்க விப்பாவ?"

நண்பன் சிரித்தான், நானும் சிரித்தேன். ராத்திரி பஸ் திசையன்விளை தாண்டும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் மூன்று இனத்துக்கும் அதே கேள்விதான்.

ஜூன் 9, பதினொன்றரை மணி

படுத்த பிறகு ஞாபகம் வந்ததால் எழுந்து எழுதுகிறேன். எங்கள் ஆச்சி வீடு தேரிக்காடு என்கிற செம்மணல் மேட்டு ஓரம். கடற்கரையிலிருந்து பெண்கள் கடவப்பெட்டியில் மீனும் கருவாடும் சுமந்து, செம்மணலில் கால் புதையப் புதைய வருவார்கள். ஆச்சி காசு கொடுத்து நான் பார்த்ததே இல்லை. கருப்பட்டி கொடுப்பாள். சில நாள் பனங்கிழங்கு. அந்தப் பெண்கள் பேசும் தமிழ் எங்கள் தமிழாக இருக்காது, சாமி எங்கள் சாமியாக இருக்காது. ஆனால் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது வரை ஆச்சிக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கடற்கரைக்காரர்கள் என்றால் யார் என்று நான் தெரிந்துகொண்டது கடலைப் பார்த்து இல்லை, ஆச்சி வீட்டுத் திண்ணையில்.

உங்கள் மேல்நீராரிடம் இல்லாதது என்ன? அது யாரிடம் இருக்கிறது? அகராதியை மூடி வைத்துவிட்டு முதலில் இதை எழுதுங்கள்.

ஜூன் 11

ஆழம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். இஷ்டம் போல வையுங்கள். நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர். கற்பனைக்கு வரி கிடையாது.

ஜூன் 14

மேலே சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கற்பனைக்கு வரி உண்டு.

பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நம் பூமியில் கடலின் சராசரி ஆழம் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மிக ஆழமான மரியானா அகழியே பதினொரு கிலோமீட்டர் தேறாது. பூமியின் ஈர்ப்பையே வைத்துக்கொண்டு 60 கிலோமீட்டர் இறங்கினால் அழுத்தம் ஆறாயிரம் மடங்கைத் தாண்டும். அப்போது 0 டிகிரி பக்கத்தில் இருக்கிற தண்ணீர் பனிக்கட்டியாகிவிடும். ஐஸ் பெட்டியில் மிதக்கிற பனிக்கட்டி இல்லை இது. தண்ணீரைவிடக் கனமானது, அடியிலேயே கிடக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் ஆழம் போகவேண்டும், ஆனால் கதை அதேதான்.

அதனால் என்ன என்கிறீர்களா? கடலுக்கும் பாறைக்கும் நடுவே பனிக்கட்டிச் சுவர் எழும்பிவிடுகிறது. பாறையிலிருந்து கரைந்து வரவேண்டிய இரும்பு, பாஸ்பரஸ் எல்லாம் அங்கேயே அடைபட்டுவிடும். மேலே வெயில் இருக்கும், தண்ணீர் இருக்கும், பாசிக்குத் தின்ன எதுவும் இருக்காது. நம் பூமியிலேயே, அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் இரும்பு போதாமல் பாசி வளராத பகுதிகள் உண்டு. தாமிரபரணி பொதிகையிலிருந்து இறங்கிப் புன்னைக்காயலில் சேரும்போது சும்மாவா சேருகிறது? மலையைக் கரைத்துக்கொண்டு வருகிறது.

ஆக நூறு கிலோமீட்டர் ஆழம் என்றால் உங்கள் கடல் நீலமாக இருக்கும், காலியாக இருக்கும். ஐந்தாறு கிலோமீட்டரோடு நிறுத்தி, அடியில் எரிமலைகளை வையுங்கள். அடிநீராருக்கு உடனே ஒரு தொழில் கிடைத்துவிட்டது பாருங்கள். கல்லும் இரும்பும் அவர்களிடம்தான்.

ஜூன் 20

இன்று மழை இல்லை, வெறும் சாரல். கடையில் ஆள் இல்லை. திசைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

தம்பியின் அகராதியில் கிழக்கு, மேற்கு எல்லாவற்றுக்கும் அழகழகாகப் புதுச் சொல் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், காதுக்கு நன்றாக இருந்தது என்கிறார். நம் சொற்களைப் பாருங்கள். மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மலை மேற்கே, கடல் கிழக்கே, தரை ஒரே சாய்வு. திருநெல்வேலிக்காரனுக்கு இது அகராதி பார்த்துத் தெரியவேண்டியதில்லை, மழைத்தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாலே தெரியும். இடையன்குடியில் வாழ்ந்து 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் கவனித்த விஷயம்தான்.

இதில் எனக்குப் பிடித்தது மலைக்கு அந்தப் பக்கம் நடப்பது. கேரளத்தில் மலை கிழக்கே இருக்கிறது, கடல் மேற்கே இருக்கிறது. தரை தலைகீழ். மேற்குக்கு அவர்கள் ஞாயிறு படுகிற பக்கம் என்று வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் கிழக்கு மட்டும் கிழக்காகவே நின்றுவிட்டது. மலையைப் பார்த்துக் கையை நீட்டி 'கீழ்ப்பக்கம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் எந்தச் சாய்வில் இருந்தார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கடல்கோளில் சாய்வு ஏது? அங்கே காற்றுதான் திசை. நம் கடல்காரர்கள் சொல்வது போல வாடை என்றால் வடக்கு, கொண்டல் என்றால் கிழக்கு, கச்சான் என்றால் மேற்கு, சோழகம் என்றால் தெற்கு. அப்புறம் ஓர் இனம் வேறு காற்றுப் பட்டைக்குக் குடிபெயர்ந்து, பழைய பெயரை விடாமல், எதிர்க்காற்றைக் கொண்டல் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். நாற்பது பக்க அகராதியைவிட இந்த ஒரு பிசகு போதும்.

ஜூன் 21

"அப்போ அந்தக் கோளில் மேல ரத வீதி?" என்று ஒருவர். அண்ணாச்சி, நீந்தித்தான் மேலே போகவேண்டும். தேர் இழுக்கிறவர்கள் பாவம்.

ஜூன் 23

நேற்று முழுக்க யோசித்ததில் காற்று விஷயத்திலும் ஒரு ஓட்டை. கச்சானும் வாடையும் மாறி மாறி வருவது நம் ஊர்க் கதை. கோடையில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது, அந்த வித்தியாசம்தான் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருகிற முக்கியக் காரணம். நிலமே இல்லாத கோளில் நம் ஊர் மாதிரி ஆனிச் சாரல் கிடையாது. நடுக்கோட்டுக்கு இருபுறமும் எப்போதும் கிழக்கிலிருந்து ஒரு காற்று, அதைத் தாண்டினால் எப்போதும் மேற்கிலிருந்து ஒரு காற்று. வருஷம் முழுக்க ஒரே பக்கம்.

அப்படியானால் இனங்களை ஆழத்தால் பிரிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கொண்டல்காரர், கச்சான்காரர் என்று பட்டை பட்டையாகப் பிரிக்கலாம். இரண்டுக்கும் நடுவே காற்றே இல்லாத அமைதிக் கடல். பாய் தொங்கிப் போகிற அந்த இடம்தான் எல்லை. வேலியும் வேண்டாம், படையும் வேண்டாம்.

தம்பியின் மூன்று அரச பரம்பரையில் இரண்டு காலி. மன்னிக்கவும்.

ஜூலை 2

அலை. நிலம் இல்லாவிட்டால் அலைக்கு அணையும் இல்லை, சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். கன்னியாகுமரி, உவரிப் பக்கம் கள்ளக்கடல் என்று எச்சரிக்கை வருகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த புயலின் அலை, சில நாள் கழித்துச் சத்தமில்லாமல் வந்து வள்ளத்தைத் தூக்கிப் போட்டுவிடும். பெயர் வைத்தவன் கவிஞன். கள்ளன் மாதிரி வருகிறது.

சுனாமி வைக்கலாமா என்று கேட்டதற்கு: வைக்கலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள். திறந்த கடலில் அதன் உயரம் ஒரு மீட்டர்கூட வராது, கரை ஏறும்போதுதான் அரக்கனாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழ்கடலில் இருந்த வள்ளக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. கரை இல்லாத கோளில் மனிதர்களுக்குச் சுனாமி என்ற சொல்லே இருக்காது. அதை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 6

மிதக்கும் தீவுகள் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். மந்திரம் வேண்டாம், எரிமலை நுரைக்கல் போதும். குளிக்கும்போது குதிகாலில் தேய்ப்போமே, அந்தக் கல். 1883-ல் கிரகடோவா வெடித்தபோது வந்த நுரைக்கல் திட்டுத் திட்டாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து போயிருக்கிறது.

ஆனால் நகர்கிற நிலத்தில் எப்படிக் குடியிருப்பது? இதற்கு நான் கடலுக்குப் போகவில்லை, ஆச்சி வீட்டுக்குத்தான் போனேன். தேரிமணல் ஒரு இடத்தில் நிற்காது. ஆடிக்காற்றில் செம்மணல் புகையாகக் கிளம்பும், காலையில் வாசலில் ஒரு முழம் குவிந்து கிடக்கும். ஆச்சி கதவைத் திறந்ததும் கோலம் போடமாட்டாள், முதலில் மணல் அள்ளுவாள். நிலத்தின் எல்லையை யாரும் மண்ணை வைத்துச் சொன்னதில்லை, பனையை வைத்துத்தான் சொல்வார்கள். "அந்த ரெட்டப் பனைக்கு இங்ஙன நம்மது." மணலைப் பிடித்து நிறுத்தவே பனையும் கொல்லாமரமும் (முந்திரி) வைத்தார்கள். அதனால் என் பெருநீரில் தீவுக்காரன் சொத்து என்பது தீவு இல்லை, தீவைக் கட்டிப் பிடித்திருக்கிற வேர். வேரை அறுத்தவனுக்குத்தான் அங்கே பெரிய தண்டனை.

ஜூலை 13

ஒரு சோகம். பெருநீர் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம் என்று ஒரு கடையில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். பென்சில் எழுத்து ஒன்றுகூட விழாமல், ஆறடிக்கு நாலடி, சுத்த நீலமாக வந்தது. கேட்டால், "கடல்தானே அண்ணே, சரியாத்தானே இருக்கு" என்கிறான் பையன். பதினொரு வருஷத்து ஊர்ப் பெயர் எல்லாம் தண்ணீருக்குள். மாட்டியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்கிறார்கள்.

ஜூலை 20

முதலில் எழுதியிருக்கவேண்டியது இது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு இரண்டாயிரம் வருஷத்துப் பழைய தொழில். இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற கொற்கை அப்போது துறைமுகம். பாண்டியன் ஆட்சியில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை அங்கே குளிக்க விட்டார்கள் என்று பழைய கிரேக்கக் கடல் வழிக் குறிப்பு ஒன்று சொல்கிறது. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961-ல். சிப்பி கிடக்கிற கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். குளிக்கிறவர் கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்குவார், கூடையில் சிப்பியை அள்ளுவார், கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவார், மேலே தோணியில் இருப்பவர் இழுப்பார். எல்லாம் ஒரு நிமிஷக் கணக்கு.

அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவர் யார்? மச்சான் என்று சொல்வார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் கையை விடமாட்டான் என்ற கணக்கு.

இந்த ஒரு வழக்கத்துக்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். மூச்சு இருக்கிறது, ஆழம் இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, பயம் இருக்கிறது. பெண் கொடுக்கும்போதே, இவன் கயிறு பிடிப்பானா என்று பார்த்திருப்பார்கள். சுறாவின் வாயைக் கட்டுகிறேன் என்று மந்திரம் சொல்லக் கடல்கட்டி என்று தனி ஆள் வேறு. அவருக்குச் சிப்பியில் பங்கு. வெள்ளைக்காரன் அரசாங்கம்கூட அவரை விலக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள்.

தம்பி, உங்கள் மூன்று இனமும் செவுளால் மூச்சு விடுகிறார்கள். அதுதான் தப்பு என்று இப்போது சொல்வேன். மூச்சு விட முடிந்தவனுக்குக் கயிறு எதற்கு, கயிறு இல்லாதவனுக்கு மச்சான் எதற்கு? செவுளைப் பிடுங்கிவிடுங்கள். உடம்பு கொஞ்சம் மாறட்டும், போதும். இந்தோனேசியாவின் பஜாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்குகிறவர்கள். 2018-ல் வந்த ஆய்வில் அவர்கள் மண்ணீரல் பக்கத்து நிலத்து மக்களுடையதைப் போலச் சுமார் ஒன்றரை மடங்கு இருந்தது. மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். அவ்வளவு மாற்றம் போதும்.

ஜூலை 22

தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் குடும்பத்தில் சங்கு குளிக்கப் போனவர்களுக்குக் கயிறு பிடித்தது சொந்தத் தம்பியாம். "மச்சானாவது, ஒண்ணாவது. சீர் செய்யலன்னு மூணு வருஷம் பேசாம கெடந்தாவ ரெண்டு பேரும், அவங்க கையில யாரு கயிறக் குடுப்பா?"

சரி, ஒத்துக்கொள்கிறேன். மச்சான் கதையை விதி மாதிரி எழுதிவிட்டேன். ஆனால் அக்கா சொன்னதுதான் என் கதையைவிட நல்ல கதை. பேச்சுவார்த்தை இல்லாத மச்சானிடம் கயிறு இருக்கிறது, கீழே இவர் இருக்கிறார், நிமிஷம் ஓடுகிறது. அப்படி ஒருவர் மேலே வராமல் போனால், கை நழுவியதா விட்டானா என்று யார் விசாரிப்பது? பெருநீரின் முதல் நீதிமன்றம் தோணியில்தான் கூடியிருக்கும். கயிற்றைத் தடவிப் பார்ப்பார்கள். இழுத்தவன் உள்ளங்கையைப் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் 4

குடிதண்ணீரை எல்லாரும் மறந்துவிட்டோம்! திருச்செந்தூரில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாழிக்கிணற்றில் உப்பில்லாத நீர் வருகிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். மணலுக்குள் மழைநீர் மேலாகத் தங்கிவிடும். திறந்த கடலில் மணல் இல்லை, பெய்த மழையை அலை கலக்கிவிடும். என் நுரைக்கல் தீவு ஒழுகும், அதனால் அதுவும் ஆகாது. அடியில் பிசின் பூசவேண்டும். பிசினுக்கு மரம் வேண்டும், அல்லது பெரிய மீனின் கொழுப்பு. ஆச்சி வீட்டு மண்பானைக்கும் அடியில் ஒழுகல் உண்டு. பழைய துணியும் சுண்ணாம்பும் வைத்து அடைப்பாள்.

ஆகஸ்ட் 21

தம்பி புது அத்தியாயம் அனுப்பியிருக்கிறார். கொடி இல்லை, அரசர் இல்லை, செவுள் இல்லை. கொண்டல்காரர் தோணி ஒன்று. அடியில் எரிமலைச் சரிவில் இரும்புக் கட்டி பொறுக்குகிறவன் ஒருவன், அவன் கயிறு பேச்சில்லாத மச்சான் கையில். சண்டை எதற்கு வந்தது என்று எழுதவே இல்லை. நன்றாக இருக்கிறது. எரிமலையை மட்டும் இருபது மீட்டர் ஆழம் வரை உயர்த்தச் சொன்னேன், இல்லாவிட்டால் அவன் போய்ச் சேரமாட்டான்.

அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஊருக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, வாசித்துத்தான் காட்டினேன். மீனும் தண்ணீரும் வைத்திருக்கிறவர்கள் ஒரு பக்கம், இரும்பு வைத்திருக்கிறவர்கள் ஒரு பக்கம், காற்று நின்றுபோகிற அமைதிக் கடலில் தோணிகளைச் சேர்த்துக் கட்டி மாதம் ஒருநாள் சந்தை. "மீன அங்கதான் மாமா விப்பாவ," என்றேன். பதினொரு வருஷம் கழித்துச் சொல்கிற பதில்.

கொஞ்ச நேரம் கடல் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

"சரிடே. வெல யாரு சொல்லுவா? நீயா, ஏலக்காரனா?"

தம்பி, ஏலக்காரன் எந்த இனம்? இரண்டு பட்டையிலும் சேராதவனாக இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. முன்பணம் கொடுத்துத் தோணியைப் பிடித்து வைத்திருப்பான். அவன் பேசுகிற மொழி என்ன என்று யோசித்துச் சொல்லுங்கள். நானும் யோசிக்கிறேன்.